கழுத்தில் எண்பது சதவீதம்

பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்த ஒருவருக்குக் கழுத்து நாளத்திலும் அடைப்பு இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லிவிட்டால், சொந்தக்காரர்கள் கூடித் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: முதலில் கழுத்தைச் சரிசெய்யட்டும், பிறகு நெஞ்சைத் திறக்கட்டும். மூளைக்கு இரத்தம் போகிற பாதையே குறுகிக் கிடக்கும்போது இதயத்தில் கை வைக்கலாமா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் பெரும்பாலான நோயாளிகளுக்குப் பொருந்தாது. ஒரு சிலருக்கு மட்டும் அப்படியே பொருந்தும். அந்த ஒரு சிலர் யார் என்பதைச் சதவீதத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வேறொரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கான விடை பல சமயம் வீட்டுக் கூடத்தில்தான் கிடக்கிறது, யாரும் எடுத்துக்கொண்டு வருவதில்லை.

நான் மருத்துவன் அல்லன். கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் அக்காவின் கணவருக்கு நெஞ்சும் கழுத்தும் ஒருசேரப் பழுதாகிப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பொழுது நிறைய இருந்ததாலும் வாத்தியார் புத்தி போகாததாலும், கிடைத்ததையெல்லாம் படித்தேன். மருத்துவர்களையும் விடாமல் கேட்டேன். அவர்களில் ஒருவராவது என் பழைய மாணவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அப்படி யாரும் இல்லை. வரிசையில் நின்றுதான் கேட்டேன்.

மாமா அரசுப் பேருந்து ஓட்டுநர். பணிக்காலத்தில் பெரும்பகுதி கடலூர்–புதுச்சேரி தடம்தான். மஞ்சக்குப்பம், பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று சுமார் 25 கிலோமீட்டர். கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் வடக்கே பஸ் ஏறுவது வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த நிறுவனம்தான் 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றுக் கோரிமேட்டில் நிற்கிறது. அதன் பிறகு ஊரைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் முளைத்துவிட்டன. விடியற்காலை பஸ்ஸில் மஞ்சள் பையும் எக்ஸ்ரே உறையுமாக ஏறுகிறவர்களை ஆண்டுக்கணக்கில் ஏற்றி இறக்கியவர் மாமா. தானே அந்தப் பையோடு பயணியாக உட்கார வேண்டி வந்ததில் அவருக்கு நோயைவிட அதிக வருத்தம். ஓட்டுகிற பையன் கியர் மாற்றும் அழகைப் பற்றி வழி நெடுக விமர்சனம் செய்துகொண்டு வந்தார்.

வெள்ளிக் கடற்கரையில் காலை நடைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்பதில் தொடங்கியது எல்லாம். ஆஞ்சியோகிராமில் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு. சர்க்கரையும் இருப்பதால் ஸ்டென்டைவிட பைபாஸ் நல்லது என்றார்கள். அதோடு கழுத்துக்கும் ஒரு டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். வியாதி நெஞ்சில், ஸ்கேன் கழுத்திலா, இதுவும் பணம் பிடுங்கும் வழியா என்று அக்கா என் காதில் கேட்டார். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இந்த ஸ்கேன் அப்படிப்பட்டதல்ல. இதயத்துக் குழாயில் படிகிற கொழுப்பு இதயத்தோடு நிற்பதில்லை. கழுத்திலும் காலிலும் அதே வேலையைச் செய்கிறது. அதற்காக பைபாஸுக்கு வருகிற எல்லாருக்கும் கழுத்தை ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், புகை பிடிப்பவர்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், இடது பிரதான இதயத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நிற்கிறவர்கள், முன்பு பக்கவாதமோ அதன் சாயலோ வந்தவர்கள் என்று ஆபத்து கூடியவர்களுக்குச் செய்யலாம் என்பது அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் 2011 வழிகாட்டுதல். மாமாவுக்கு வயது, சர்க்கரை, பீடி, கெண்டைக்கால் எல்லாம் பொருந்தின.

கழுத்தின் இரு பக்கமும் மேலேறும் கரோட்டிட் தமனி, குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் வெளிப்புறத்துக்கும் போகிறது. மற்றது மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. படிவு சேர்வது பெரும்பாலும் இந்தக் கவட்டில். ஓட்டம் நேராகப் போகாமல் சுழித்துத் திரும்புகிற இடம் அது. இரத்தம் சுவரை உரசும் விசை குறைந்து, திசையும் மாறி மாறி வரும் பக்கத்தில்தான் கொழுப்பு பிடிக்கிறது. பாய்ம இயக்கத்தைக் கரும்பலகையில் நடத்தியபோது இப்படி ஓர் உதாரணம் எனக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்துக்கொண்டேன். பையன்கள் கொஞ்சம் விழித்திருப்பார்கள்.

உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. அதைக் கொண்டுபோக இரண்டு கரோட்டிட், முதுகெலும்பின் ஊடாக ஏறும் இரண்டு தமனிகள் என மொத்தம் நான்கு. நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1664-இல் எழுதிய நூலால் அவர் பெயரிலேயே வழங்கும் வளையம் அது. ஒரு பாதை சுருங்கினால் மற்றவை ஈடுகட்ட இதுவே வழி. ஆனால் எல்லாருக்கும் வளையம் முழுமையாக அமைவதில்லை. பலருக்கு ஒன்றிரண்டு இணைப்புகள் மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. கழுத்தில் ஒரு பக்கம் முழுதாக மூடிப்போய் அது தெரியாமலேயே வயலுக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. பாதி மூடியதற்கே கை விழுந்தவர்களும் உண்டு. சதவீதத்தை நம்பி மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அந்தச் சதவீதம் பிறக்கும் விதம். இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்க 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன கருத்தை, ரயில் விசிலை வைத்து நான் வருடந்தோறும் நடத்தியிருக்கிறேன். அதே கருத்துதான் ஸ்கேன் அறையில் மாமாவின் கழுத்தில் வழவழப்பான களிம்பு தடவிக்கொண்டு நின்றது. கேளா ஒலி ஓடுகிற இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து இரத்தத்தின் வேகம் கிடைக்கிறது. குறுகிய இடத்தில் வேகம் கூடும். மூளைக்குப் போகும் கிளையில், இதயம் சுருங்கும் தருணத்து உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு 50 சதவீதத்துக்கு மேல், 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே அறிக்கையில் வரும் சதவீதம் யாரும் அளவுகோல் வைத்து அளந்ததல்ல, வேகத்திலிருந்து ஊகித்தது. மாமாவுக்கு வலது பக்கம் வேகம் 300-ஐத் தாண்டியிருந்தது. வலது 80 சதவீதம், இடது 50 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள்.

இந்த 80 எதில் 80 என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அது விட்டத்தில் 80. விட்டம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். அதாவது வழியில் 96 சதவீதம் போய்விட்டது. 50 சதவீதம் என்றால் பரப்பில் முக்கால்வாசி போயிற்று. அளக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்கர்கள் அடைப்புக்கு மேலே உள்ள நல்ல பகுதியின் விட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். பழைய ஐரோப்பிய ஆய்வு, அடைப்பு இருக்கும் இடத்திலேயே குழாய் முன்பு எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு அதோடு ஒப்பிட்டது. முதல் முறையில் 70 என்பது இரண்டாவதில் 80-ஐத் தாண்டிவிடும். இரண்டு மருத்துவமனை அறிக்கைகளை அருகருகே வைத்துக்கொண்டு "ஒரே மாதத்தில் பத்து சதவீதம் கூடிவிட்டது" என்று அலறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் தடவை போனபோது மருத்துவர் மாமாவிடம் கேட்டார்: "ஐயா, எப்போதாவது கை கால் மரத்ததா? பேச்சு குழறியதா? வாய் கோணியதா?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது டாக்டர். ரிடையர் ஆகிற நாள்வரை வண்டி ஓட்டியவன்" என்றார். அறிகுறி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். கழுத்தைத் தொடப் போவதில்லை, இதயத்துக்கு மட்டும் அறுவை, கழுத்துக்கு மாத்திரை போதும் என்பது அன்றைய முடிவு. அக்காவுக்கு அதில் திருப்தியே இல்லை.

சேர்க்கைக்காகப் போன நாளில், கார் வேண்டாம் பஸ்தான் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் காட்டி, "மச்சான், நெஞ்சு வேலை முடிந்ததும் இங்கேயும் ஒரு நடை வர வேண்டும். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன் இருக்கையில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கார்த்திகை தீபம் கழிந்து ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் தம்பி. கடையின் ஷட்டரை இழுத்து மூடுவது போல வலது கண் மேலிருந்து இருண்டுவிட்டதாம். காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் சரியாகிவிட்டது." நாங்கள் பஸ்ஸில் போனது மார்கழியில்.

புரை அப்படி வராது. புரை மாதக்கணக்கில் மெல்ல மங்கலாக்கும், வந்தது போவதில்லை. ஒரு கண் மட்டும் வலியே இல்லாமல் சில நிமிடம் இருண்டு தானாகத் தெளிந்தால், அதே பக்கத்துக் கழுத்துத் தமனியில் இருந்து ஒரு துணுக்கு கிளம்பி, கண்ணுக்குப் போகும் நுண்ணிய குழாயில் சற்று நேரம் சிக்கிக் கரைந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கை கால் என்றால் எதிர்ப்பக்கம் பாதிக்கும்; வலது கரோட்டிட் கெட்டால் இடது கை விழும். கண்ணுக்கு மட்டும் அதே பக்கம். மருத்துவர் கை, கால், வாய், பேச்சு எல்லாவற்றையும் கேட்டார். கண்ணைப் பற்றி அந்தப் பட்டியலில் கேள்வி வரவில்லை. மாமாவும் கண்ணைக் கண் மருத்துவமனைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். உடம்பை இலாகா வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்வதில் நம் ஆட்கள் அரசு அலுவலகத்தையும் மிஞ்சியவர்கள்.

சேர்க்கை அறையிலேயே இதைச் சொன்னோம். இளம் மருத்துவர் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் பெரியவரைக் கூட்டி வந்தார். பெரியவர் அக்காவிடமே திரும்பத் திரும்பக் கேட்டார்: எந்தக் கண், எவ்வளவு நேரம், முழுக் கண்ணா பாதிக் கண்ணா, அப்போது கை எதையாவது நழுவவிட்டதா. அன்று மாலைக்குள் எல்லாம் மாறியது. நரம்பியல் மருத்துவர் வந்தார், மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள், கழுத்துக்கு சிடி ஆஞ்சியோ எடுத்தார்கள். ஸ்கேனில் இருந்த எண் அதே 80-தான். ஆனால் மாமா இப்போது அறிகுறி உள்ளவர்கள் பட்டியலுக்குப் போய்விட்டார்.

இந்த இரண்டு பட்டியலுக்கும் உள்ள தூரத்தை 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நாஸ்கெட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கழுத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்து, அண்மையில் சிறு பக்கவாதமோ கண் இருளலோ வந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது 26 சதவீதம். தமனியைத் திறந்து படிவை உரித்தெடுத்தவர்களுக்கு 9 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அடிக்கடி கிடைப்பதில்லை. அறிகுறியே இல்லாதவர்களில் செய்த அமெரிக்க ஆய்வு 1995-இல் வந்தது. அதில் ஐந்து ஆண்டுகளுக்கான கணிப்பு, மருந்து மட்டும் என்றால் 11 சதவீதம், அறுவையும் என்றால் 5. அதாவது ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைச் சற்று ஒட்டிய லாபம், அதுவும் இன்றைய வலுவான கொழுப்பு மாத்திரைகள் பரவலாவதற்கு முந்தைய காலத்தில். கண்ணோடு நின்ற அறிகுறிக்கு, மூளையைத் தொட்ட அறிகுறியைவிட ஆபத்து குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அது அறிகுறிதான்.

பக்கத்துப் படுக்கையில் நெய்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பைபாஸ், அவருக்கும் கழுத்தில் ஒரு பக்கம் 75 சதவீதம். அறிகுறி எதுவும் கிடையாது. மாமா கதையைக் கேட்டபின் அவர் மனைவியையும் மருமகளையும் உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டும் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்குக் கழுத்தைத் தொடப் போவதில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மகனுக்குக் கோபம். "உங்கள் மாமாவுக்குச் செய்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு ஐந்து சதவீதம்தானே குறைவு? காப்பீட்டில் வராது என்று தட்டிக் கழிக்கிறார்கள் சார். சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறேன்" என்றார். கேண்டீனில் அவரோடு உட்கார்ந்து நான் பேசியதில் பாதியை இங்கே எழுதினாலும் இந்தக் கட்டுரைக்கு வேலை முடிந்தது.

அவருடைய பயம் வெறும் கற்பனை அல்ல. பைபாஸ் செய்யும்போது இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் ஓடவிட்டால், இரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் கீழேதான் இருக்கும். குறுகிய குழாய்க்கு அப்பால் உள்ள மூளைப் பகுதி அந்த நேரத்தில் பட்டினி கிடக்காதா? தர்க்கம் சரி. ஆனால் பைபாஸுக்குப் பிறகு பக்கவாதம் வந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தால், குற்றவாளி பெரும்பாலும் வேறு ஆள். நெஞ்சில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரிலும் இதே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். அறுவையின்போது அதில் குழாய் செருகுகிறார்கள், கவ்வியைப் போட்டு இறுக்குகிறார்கள், எடுக்கிறார்கள். அப்போது உதிரும் துகள் மேலே போனால் மூளைக்குத்தான் போகும். அடுத்தது, அறுவை முடிந்து இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை தலைகாட்டும் தாறுமாறான இதயத் துடிப்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். பைபாஸ் செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வருகிறது. மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே இரத்தம் உறையும், உறைந்தது கிளம்பும். கழுத்தைப் பளபளவென்று சுத்தம் செய்து வைத்தாலும் இந்த இரண்டையும் அது தடுக்காது.

எண்ணிக்கையில் பார்த்தால், பைபாஸ் செய்தவர்களில் பக்கவாதம் வருவது மொத்தத்தில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அறிகுறி இல்லாமல் ஒரு பக்கக் கழுத்தில் 50-க்கு மேல் அடைப்பு உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 3, இரு பக்கமும் என்றால் 5, ஒரு பக்கம் முழுதாக மூடியிருந்தால் 7 முதல் 11 வரை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. ஆபத்து கூடுவது உண்மை. கழுத்துத் தமனி நேரடியாகச் செய்யும் கெடுதல் அதில் ஒரு பகுதி. உடம்பு முழுவதும் குழாய்கள் கெட்டிருப்பதற்குக் கழுத்து ஒரு சாட்சி என்பது இன்னொரு பகுதி. சாட்சியைப் பிடித்து அடிப்பதால் வழக்கு தீராது.

நெய்வேலிக்காரர் மகனை உண்மையில் நிறுத்திய தகவல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அறிகுறி இல்லாத, ஆனால் கடுமையான கழுத்து அடைப்போடு பைபாஸுக்கு வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கழுத்தும் நெஞ்சும் ஒரே மயக்கத்தில், மறு பாதிக்கு நெஞ்சு மட்டும். ஆள் சேராததால் 129 பேரோடு பாதியில் நின்றுபோன ஆய்வு அது; 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். முப்பது நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, இரண்டும் செய்தவர்களில் 18.5 சதவீதம், நெஞ்சு மட்டும் செய்தவர்களில் 9.7 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு; இதை வைத்து இரட்டை அறுவை கெடுதல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "கழுத்தையும் செய்துவிட்டால் பாதுகாப்பு" என்ற நம்பிக்கைக்கு இதில் ஓர் ஆதாரமும் இல்லை. மகன் என் கைப்பேசியை வாங்கி அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார். சென்னைப் பேச்சு அதன் பிறகு வரவில்லை. அறுவைக்கு முன் பெரிய மருத்துவரிடம் அவர் கேட்ட கேள்வியும் மாறியிருந்தது: "பெருந்தமனியை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுக் கவ்வி போடுவீர்களா டாக்டர்?" நெஞ்சைத் திறந்தபின் பெருந்தமனியின் மேலேயே கேளா ஒலிக் கருவியை வைத்துப் படிவு இல்லாத இடம் தேடும் முறை உண்டு. இதயத்தை நிறுத்தாமலே, பெருந்தமனியைத் தொடாமலே, நெஞ்சுச் சுவரின் உட்புறத் தமனிகளைக் கொண்டு பைபாஸ் செய்யும் முறையும் உண்டு. இந்தியாவில் இதயத்தை நிறுத்தாமல் செய்வது மிகவும் பழகிய வேலை. மருத்துவர் கொஞ்சம் வியப்போடு பார்த்துவிட்டு, அப்படித்தான் செய்யப் போவதாகச் சொன்னார்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். கழுத்தைச் செய்தே ஆக வேண்டும் என்றானபின், எதை முதலில் செய்வது என்ற கேள்வி இருந்தது. கழுத்தை முதலில் செய்தால், அந்த அறுவையின்போதோ காத்திருக்கும் நாட்களிலோ மாரடைப்பு வரலாம். இதயத்தை முதலில் செய்தால் பக்கவாதம் வரலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டு அறுவைகளின் சுமையும் ஒரே உடம்பில் விழும். கழுத்தைத் திறக்காமல் ஸ்டென்ட் வைத்தால் என்ன என்று நானே கேட்டேன். வைக்கலாம், ஆனால் வைத்தபின் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெலும் ஒரு மாத அளவுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் உள்ளே இருக்கும்போது நெஞ்சைத் திறந்தால் இரத்தம் நிற்காது. நிறுத்திவிட்டுத் திறந்தால் ஸ்டென்டில் இரத்தம் உறையும். பைபாஸ் காத்திருக்க முடிந்தவர்களுக்கே அது தோது. இந்தச் சிக்கலுக்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல்தான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கையைத் தந்தது. மாமாவுக்கு இதற்கிடையில் படுத்திருக்கும்போதே நெஞ்சு இறுக ஆரம்பித்தது. அது முடிவைச் சுலபமாக்கிவிட்டது. இரண்டும் ஒரே நாளில்.

கையெழுத்து வாங்கும்போது ஆபத்தை எண்ணாகச் சொன்னார்கள். அக்கா அந்த எண்ணைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பாடலீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டதை மட்டும் சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன், அன்றிரவு தூங்கவில்லை.

முதலில் கழுத்து. காதுக்குக் கீழிருந்து கழுத்துத் தசையின் முன்விளிம்பு ஓரமாகக் கீறி, இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் செலுத்தி, தமனியை மேலும் கீழும் கவ்வியால் பிடித்து, நீளவாக்கில் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் மூளைக்கு மறுபக்கத்து வரத்து போதாவிட்டால் ஒரு சிறு குழாயை இடையில் செருகி இரத்தத்தை ஓடவிடுகிறார்கள். படிவை உட்சுவரோடு உரித்து எடுத்து, ஓர் ஒட்டுத் துண்டு வைத்துத் தைக்கிறார்கள். 1954-இல் லண்டனில், அடிக்கடி சிறு பக்கவாதம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கழுத்தில், அடைப்புள்ள பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைத்தார்கள். அந்த அறுவையின் வெற்றிதான் கழுத்துத் தமனி அறுவைக்கு உலகெங்கும் வாசலைத் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் படிவை உரித்தெடுத்திருந்தார் என்பது பின்னால் வெளிவந்தது. மாமாவின் படிவைச் சின்ன புட்டியில் போட்டு எங்களிடம் காட்டினார்கள். மஞ்சளாக, ஒரு பக்கம் கரடுமுரடாக, சிறு இரத்தக்கட்டு ஒட்டிக்கொண்டு. கண்ணை இருட்டடித்தது அந்தக் கரடுமுரடான பக்கம்தான். வழவழப்பான 80 சதவீதத்தைவிட வெடித்துப் புண்ணான 60 சதவீதம் பொல்லாதது என்று அறுவை மருத்துவர் சொன்னார்.

பிறகு நெஞ்சு. அது நீண்டது, அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கண் விழித்ததும் அவரிடம் முதலில் கேட்டது பெயரையோ ஊரையோ அல்ல. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். கையும் சிரிப்பும் சரி. நாக்கு வலது பக்கம் கொஞ்சம் கோணியது. எங்களுக்கு உயிர் போய்விட்டது. பக்கவாதம் இல்லை, கழுத்தில் தமனிக்குக் குறுக்கே ஓடும் நாக்கு நரம்பை ஒதுக்கிப் பிடித்ததால் வந்த தளர்ச்சி, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். குரலும் கம்மியிருந்தது. கடலூர் பஸ் நிலையத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் உள்ள கண்டக்டரை அழைத்த குரல் அது. இப்போது தண்ணீர் கேட்கவே பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், சொல்லிவைத்தாற்போல் துடிப்பு தாறுமாறானது. அமியோடரோன் ஏற்றி மறுநாளுக்குள் அடக்கினார்கள். கழுத்துக்கு அத்தனை விவாதம் நடத்திய எங்களை அந்த ஒரு நாள்தான் நிஜமாகவே ஆட்டிவைத்தது.

நெய்வேலிக்காரர் எங்களுக்கு முன்பே நடந்து வீட்டுக்குப் போனார், கழுத்தில் 75-ஐ அப்படியே வைத்துக்கொண்டு. அவர் நலமாகப் போனதால் அந்த முடிவு சரி என்று நிரூபணமாகிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். மாமா பிழைத்ததாலும் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரு தடவை நாணயம் சுண்டி நிகழ்தகவு பேசுகிறவனை நான் வகுப்பில் நிற்கவைத்திருப்பேன்.

மாமாவின் குரல் பங்குனிக்குள் திரும்பிவிட்டது. நாக்கு நேரானது. கண் மருத்துவமனைக்கும் போய் வந்தார்கள். வலது கண்ணில் புரை இல்லை, இடது கண்ணில்தான் லேசாகத் தொடங்கியிருக்கிறதாம். இடது கழுத்தின் 50 சதவீதத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் போதும் என்றார்கள். வந்து பார்க்கிற சொந்தங்களுக்கு அது பொறுக்கவில்லை. "ஒரு பக்கம் செய்தவர்கள் மறு பக்கத்தை ஏன் விட்டார்கள்?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். ஒருவர் பூண்டுச் சாற்றில் குணமாக்கும் வைத்தியரின் விலாசம் வைத்திருக்கிறார்.

உண்மையான சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. பீடி நின்றுவிட்டது, அதில் மாமாவைக் குறை சொல்ல முடியாது. கொழுப்பு மாத்திரையில்தான் தகராறு. கெட்ட கொழுப்பை 70-க்குக் கீழே வைக்க வேண்டும் என்று அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். கோடையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 62 வந்தது. அன்றிலிருந்து, "எண்தான் சரியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு?" என்று மாமா கேட்கிறார். மாத்திரையால்தான் அந்த எண் வந்தது, படிவின் மேல்தோல் வெடிக்காமல் கெட்டிப்பதும் அதனால்தான் என்று நான் இயற்பியலை விட்டு வேதியியலுக்குப் போய்ப் பாடம் நடத்திப் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஓய்வு பெற்ற வாத்தியாரை நம்புவதாக இல்லை. அக்கா பாடம் எதுவும் நடத்துவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் விழுங்கும் வரை அங்கேயே நிற்கிறார்.